ப்ளைவுட்டில் ரெண்டு பேர் ஆடும் மேசை ஆர்கேட் பெட்டி: வெட்டக் கொடுக்கும் முன் இந்த அளவு சரியா?

பிக்சல்பித்தன்:

வணக்கம். மேசை மேல் வைக்கிற மாதிரி, ரெண்டு பேர் பக்கம் பக்கமா உட்கார்ந்து ஆடுற ஆர்கேட் பெட்டி ஒண்ணு செய்யப் போறேன். உள்ளே ராஸ்பெரி பை 4-ங்கிற சின்னக் கணினி. ஆட்டங்கள் பெரும்பாலும் பழசுதான்: பேக்-மேன், கலகா, டாங்கி காங், அதோட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2.

இப்போதைய திட்டம்: உள் அகலம் 500 மி.மீ., எல்லாப் பலகையும் 12 மி.மீ. கமர்ஷியல் ப்ளை, கண்ட்ரோல் பேனலின் ஆழம் 180 மி.மீ. மானிட்டருக்குப் பழைய 19 இஞ்ச் 5:4 ஆபீஸ் மானிட்டர். ஆளுக்கு ஆறு சான்வா வகை 30 மி.மீ. ஸ்னாப்-இன் பட்டன், ஒரு ஜேஎல்எஃப் வகை ஜாய்ஸ்டிக். பட்டன் அழுத்தினதைக் கணினிக்குச் சொல்ல ரெண்டு ஜீரோ டிலே என்கோடர் போர்டு. பலகைகளை ஓரத்தோடு ஓரம் வெச்சு வெளியிலிருந்து ஸ்க்ரூ அடிச்சு, தலையை பட்டி வெச்சு மூடிடலாம்னு யோசனை.

மானிட்டர் கையில் இருக்கு. பட்டன், ஸ்டிக் இன்னும் வாங்கலை. இந்த வாரம் ப்ளை வாங்கி பேனல் சா மெஷினில் வெட்டக் கொடுக்கலாம்னு இருக்கேன். அளவில் தப்பு இருந்தா சொல்லுங்க. 12 போதுமா, 18 வேணுமா? மரநாரை அழுத்திச் செஞ்ச எம்டிஎஃப் பலகை எடுத்தா என்ன?


ரீப்பர்கட்டை:

இப்போ வெட்டக் கொடுக்காதீங்க. ஆர்கேட் பெட்டியில் கடைசியா முடிவாக வேண்டியதே மரத்தோட அளவுதான். மானிட்டர், ஸ்டிக், பட்டன் மூணும் கைக்கு வந்த பிறகு பக்கவாட்டுத் தோற்றத்தை நிஜ அளவில் ஒரு பெரிய அட்டையில் வரைங்க. மானிட்டரின் தடிமன், ஸ்டிக் கீழே இறங்குற ஆழம், பட்டனோட வால், அதில் மாட்டுற வயர் எல்லாத்தையும் அதிலேயே வரைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு முட்டுதான்னு பாருங்க. பெரும்பாலும் முட்டுற இடம் ஒண்ணுதான்: கண்ட்ரோல் பேனலின் பின்பக்க ஓரமும் மானிட்டரின் கீழ் ஓரமும் சந்திக்கிற மூலை.

உங்க அளவில் முதல் பிரச்சினை அகலம். ஒரு ஸ்டிக்கின் மையத்திலிருந்து கடைசி பட்டன் மையம் வரை சுமார் 145 மி.மீ. ஆகும். ரெண்டு ஸ்டிக்குக்கும் நடுவில் 300 மி.மீ. விட்டாத்தான் முதல் ஆளோட வலது கை ரெண்டாவது ஆளோட இடது கையில் இடிக்காது. இடது ஓரத்தில் 70, வலது ஓரத்தில் 85 விட்டுக் கூட்டினா 600. 500-ல் ஆறு பட்டன் வெச்சு ரெண்டு பேர் ஆட முடியாது. நாலு பட்டனா குறைச்சாலும் நெருக்கடிதான். ஆழமும் 180 பத்தாது. மணிக்கட்டு பேனலில் சாயணும், இல்லைன்னா கால் மணி நேரத்தில் கை வலிக்கும். 250 வைங்க.

மானிட்டரைப் பத்தி ஒண்ணு. பழைய 19 இஞ்ச் ஆபீஸ் மானிட்டர்கள் பெரும்பாலும் டிஎன் பேனல். நேரா பார்த்தா நல்லா இருக்கும். சாய்வா வெச்சு மேலேயிருந்தோ கீழேயிருந்தோ பார்த்தா நிறம் மாறும், இருட்டடிக்கும். அதோட 19 இஞ்ச் 5:4 திரையின் காட்சிப் பரப்பு 376 × 301 மி.மீ. அதில் 4:3 ஆட்டம் 376 × 282 அளவில்தான் வரும். 23.8 இஞ்ச் 16:9 ஐபிஎஸ் மானிட்டரில் காட்சிப் பரப்பு 527 × 296. அதில் 4:3 ஆட்டம் 395 × 296. படமும் பெரிசு, பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கும் நிறம் மாறாது, 600 அகலத்துக்குள் அடங்கவும் செய்யும். ரெண்டு பேர் ஆடுற பெட்டிக்கு நான் ஐபிஎஸ்தான் சொல்லுவேன்.

பக்கப் பலகைக்கு ஒரு வடிவம் தர்றேன். பின்பக்கக் கீழ் மூலையை 0,0-ன்னு வெச்சுக்குங்க. முதல் எண் முன்னோக்கி, ரெண்டாவது எண் உயரம், எல்லாம் மி.மீ.: 0,0 – 550,0 – 550,110 – 300,145 – 184,465 – 300,520 – 280,650 – 0,650. இந்த எட்டுப் புள்ளியையும் சேர்த்தா பெட்டியோட பக்கம் கிடைக்கும். கண்ட்ரோல் பேனல் 252 நீளம், 8 டிகிரி சாய்வு. திரைக்கு 340 நீளம், 20 டிகிரி பின்சாய்வு. ஸ்பீக்கர் பலகை 128, மேலே பெயர்ப்பலகை 132. உங்க மானிட்டரின் வெளி உயரம் 340-க்கு மேல் போனா 184,465 புள்ளியை அதே சாய்வில் மேலே நகர்த்தணும், அதுக்கு மேல் இருக்கிற எல்லாப் புள்ளியும் அதோடு ஏறணும்.

இந்த அளவுக்கு ஒரு 8×4 அடி ஷீட் தாராளம். 2440 நீளத்தில் முதல் 650-ஐ பக்கப் பலகை ரெண்டுக்கும் ஒதுக்குங்க. மீதியை 600 அகலத்தில் ரெண்டு பட்டையா கிழிக்கச் சொல்லுங்க. ஓரம் சீவுறதுக்கும் பிளேடு தடிமனுக்கும் சேர்த்து 1220-க்குள் சரியா அடங்கும். 600 அகலப் பலகைகள் எல்லாத்தையும் ஒரே செட்டிங்கில் வெட்டணும். அடிப்பலகை 600, பின்பலகை 599-ன்னு வந்தா பெட்டி கோணிக்கும், அதை எந்தக் கிளாம்பாலும் இழுத்து நேராக்க முடியாது.

ப்ளையில் கேலிப்ரேட்டட்னு கேட்டு வாங்குங்க. தடிமன் ஒரே சீரா இருக்கும். விலை குறைஞ்ச ப்ளையில் நடு அடுக்கில் இடைவெளி இருக்கும், அந்த இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. எம்டிஎஃப் வழவழப்பா இருக்கும், பெயின்டுக்கு நல்லது. ஆனா ஓரத்தில் ஸ்க்ரூ அடிச்சா பிளந்துக்கும், தண்ணி பட்டா ஊதிடும், அதே தடிமனில் எடையும் கூட. வீட்டுக்குள்ளே நிக்கிற பெட்டிக்கு எம்ஆர் கிரேடு (ஈரப்பதம் தாங்குற ப்ளை) போதும். கடலோர ஊரா இருந்தா பிடபிள்யூஆர் (கொதிநீரும் தாங்குற ப்ளை) எடுங்க.

பக்கப் பலகை ரெண்டும் அச்சா ஒரே மாதிரி இருக்கணும். ரெண்டையும் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு ஜிக்சாவில் வெட்டி, பிறகு கோட்டோரம் ஒரு நேர்க்கட்டையை வெச்சு, அதில் பேரிங் உருளுற டிரிம் பிட்டில் ரூட்டர் ஓட்டி கோட்டுக்குக் கொண்டு வாங்க. ரூட்டர் இல்லைன்னா அரமும் 80 நம்பர் உப்புத்தாளும் போதும், நேரம்தான் கூட ஆகும். ஜிக்சா பிளேடு சாதாரணமா மேல்நோக்கி வெட்டும், அதனால் மேல்முகத்தில் சிலாம்பு எழும்பும். டி101பிஆர் மாதிரி தலைகீழ்ப் பல் பிளேடு போட்டு, கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டினா ஓரம் சுத்தமா வரும்.

வெளியிலிருந்து ஸ்க்ரூ வேண்டாம். பட்டி காய்ஞ்சு சுருங்கினதும் ஒவ்வொரு தலையும் வட்டம் வட்டமாத் தெரியும். பக்கப் பலகையின் உள்பக்கம் 25 × 25 ரீப்பர் கட்டையை, ஓரத்திலிருந்து குறுக்குப் பலகையின் தடிமனோடு இன்னும் 10 மி.மீ. சேர்த்து உள்ளே தள்ளி, ஃபெவிகாலோடு 35 மி.மீ. ஸ்க்ரூவில் பொருத்துங்க. 25 ரீப்பரில் போக 10 மி.மீ. பக்கப் பலகைக்குள் இறங்கும், வெளியே வராது. அப்புறம் குறுக்குப் பலகைகளை ரீப்பர் மேல் உட்கார வெச்சு, உள்ளேயிருந்து ரீப்பர் வழியா முடுக்குங்க. 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. துளை முன்னாடியே போடணும். பின்பலகையை மட்டும் ஒட்டாம கழட்டுற மாதிரி விடுங்க.


மைக்ரோசுவிட்ச்:

மர வேலை மேலே வந்துவிட்டது. நான் கண்ட்ரோல் பேனலுக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் ப்ளைவுட் பெட்டியில் அதிகம் கெடுவது அங்கேதான்.

ஸ்னாப்-இன் பட்டனின் பக்கத்தில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகள் 2 முதல் 4 மி.மீ. தடிமனுள்ள தகட்டைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. 12 மி.மீ. ப்ளையில் 30 மி.மீ. ஓட்டை போட்டு அழுத்தினால் உள்ளே போகும், இறுக்கத்தில் நிற்கவும் செய்யும். ஆனால் நாக்கு விரிய இடமில்லை. சில வாரம் அழுத்தி ஆடியபின் பட்டன் சுழலும், வயரைக் கழட்டும்போது மேலே எழும்பி வரும். ஸ்டிக்கிலும் இதே சிக்கல். ஜேஎல்எஃப் தண்டு மெல்லிய தகட்டுக்கு அளந்து செய்தது. 18 மி.மீ. பலகைக்குக் கீழே திருகினால் உருண்டை அந்த அளவுக்குத் தாழ்ந்துபோகும். தண்டு ஓட்டையின் ஓரத்தில் இடித்து, மூலைத் திசைகள் விழாது.

மூன்று வழி உண்டு. முதல் வழி, மரத்துக்கென்றே செய்த பட்டன் வாங்குவது. அமெரிக்க ஆர்கேட்களில் வந்த ஹேப் வகைப் பட்டனில் நீளமான மரையும் பெரிய நட்டும் இருக்கும். ஓட்டை 28 மி.மீ., 18 மி.மீ. பலகையில் நேராக நிற்கும். அதே வகை ஸ்டிக்கும் தண்டு நீளமாக வரும். இரண்டாவது வழி, ஸ்டிக் வரும் இடத்தில் பலகையின் அடிப்பக்கத்தை ரூட்டரால் குடைந்து 5 மி.மீ. மட்டும் விடுவது, பட்டனுக்குத் திருகு வகை 30 மி.மீ. வாங்கிக்கொள்ளலாம். குடையும் குழியின் அளவை இணையத்தில் தேடாமல், கையில் இருக்கும் ஸ்டிக் தட்டை வைத்தே பென்சிலால் வரையுங்கள். குழியில் மரை பிடிக்க மரம் மிச்சமிருக்காது, ஆகவே மேலிருந்து தலை புதையும் எம்4 போல்ட் போட்டுக் கீழே நட் முடுக்கவேண்டும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: 2 மி.மீ. இரும்புத் தகட்டை லேசரில் வெட்டி, பவுடர் கோட்டிங் கொடுத்து, ப்ளைவுட் சட்டத்தின் மேல் உட்கார வைப்பது. கோவை கணபதி, சென்னை அம்பத்தூர் பக்கம் லேசர் வெட்டும் பட்டறைகள் நிறைய; வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கொடுத்தால் போதும். பட்டன் ஓட்டை 30, ஸ்டிக் ஓட்டை 24. பவுடர் கோட்டிங் விளிம்பில் ஏறி ஓட்டையைச் சுருக்கும், அதனால் பட்டன் ஓட்டையை 30.2 என்று வரையுங்கள். கீழே இருக்கும் ப்ளையில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு சன்னல் வெட்டவேண்டும். இரண்டு சன்னலுக்கும் நடுவே 40 மி.மீ. பட்டையை விடாமல் ஒரே பெரிய சன்னலாக வெட்டினால் தகடு நடுவில் அமுங்கி டக் டக்கென்று சத்தம் போடும்.

பட்டன்களின் மையங்களுக்கு இடையே 36 மி.மீ. வைத்தால் 30 மி.மீ. பட்டனுக்கு வசதி. ஹேப் வகை நட்டு அகலமானது, அதற்கு 38 வேண்டும். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் அதே இடைவெளி. மூன்று பட்டன்களும் நேர்கோட்டில் வேண்டாம்: ஆட்காட்டி விரல் பட்டன் தாழ்ந்து, நடுவிரல் பட்டன் ஏறி இருந்தால் கை இயல்பாக விழும். அச்சடித்த படத்தை ஒட்டி ஓட்டை போடுவதாக இருந்தால், அதில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் வரைந்து அச்சடித்து, ஸ்கேலால் அளந்து பாருங்கள். அச்சுப்பொறி தானாகவே 96, 97 சதவீதமாகச் சுருக்கிவிடும். பன்னிரண்டு ஓட்டையும் போட்டபிறகு தெரிந்தால் பலகை வீண்.

மரத்தில் ஓட்டை போடும்போது அடியில் ஒரு வேஸ்ட் கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வட்ட ஓட்டை போடும் ஹோல்சாவின் நடு டிரில் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி அந்தப் பக்கத்திலிருந்து முடியுங்கள். ஒரே பக்கத்திலிருந்து தள்ளினால் அடி அடுக்கு பிய்ந்து வரும்.

என்கோடர் பற்றி. ஜீரோ டிலே போர்டு இரண்டு வாங்கினால் இரண்டும் ஒரே பெயரில்தான் கணினிக்குத் தெரியும். எது முதலில் கண்ணில் பட்டதோ அதுவே முதல் ஆட்டக்காரர். ஒருநாள் ஆன் செய்தால் ஆட்கள் இடம் மாறியிருப்பார்கள். ஐ-பேக் 2 போல இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போர்டு வாங்கினால் இந்தத் தலைவலி கிடையாது. அது விசைப்பலகையாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும். பழைய கீபோர்டைப் பிரித்து அந்த போர்டைப் பயன்படுத்தும் யோசனை பல இடங்களில் இருக்கிறது. வேண்டாம். சில பட்டன்களைச் சேர்த்து அழுத்தும்போது ஒன்று விழாது, சண்டை ஆட்டத்தில் அது கொல்லும்.

ஹேப் வகைப் பட்டனின் மைக்ரோசுவிட்சில் மூன்று கால் இருக்கும். பொதுக் காலையும் சாதாரணமாகத் திறந்திருக்கும் காலையும் மட்டும் இணையுங்கள். மூடியிருக்கும் காலில் மாட்டினால் பட்டன் எப்போதும் அழுத்தியபடி இருப்பதாகக் காட்டும். ஸ்னாப்-இன் பட்டனுக்கு 2.8 மி.மீ. கிளிப், ஹேப் வகைக்கு 4.8 மி.மீ. கிளிப், போர்டோடு வரும் வயரில் எந்த கிளிப் என்று பார்த்து வாங்குங்கள். கிரவுண்டை ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுக்கொண்டு போகும் ஒரே சங்கிலியாக இழுத்தால் வயர் பாதியாகக் குறையும். ஐ-பேக்கில் இது சரியாக வேலை செய்யும்.


தட்டுமுட்டு:

18-ஆ 12-ஆன்னு கேட்டீங்க, அதுக்கு நேரடி பதில் வரலை. ரீப்பர் வெச்சுக் கட்டுறதா இருந்தா எல்லாத்துக்கும் 18 தேவையில்லை. பக்கப் பலகை ரெண்டும் கண்ட்ரோல் பேனலும் 18, மீதி எல்லாம் 12. மேலே கொடுத்த அளவுக்குக் கணக்கு போட்டா முழுக்க 18-ல் மரம் மட்டும் சுமார் 18 கிலோ. கலந்து செஞ்சா 14 கிட்ட வரும். மானிட்டரும் இரும்புத் தகடும் ஏறினப்புறம் மேசையிலிருந்து தூக்கி வைக்கிறவருக்கு அந்த 4 கிலோ தெரியும்.

வாங்குறதும் சுலபம். 6×3 அடி ஷீட்டில் 18 ஒண்ணு, 12 ஒண்ணு. ரெண்டிலும் கச்சிதமா அடங்கும், 8×4 மாதிரி வண்டி பிடிச்சு ஏத்த வேண்டாம். 12 மி.மீ. பலகையின் ஓரத்தில் மட்டும் ஸ்க்ரூ அடிக்காதீங்க, அடுக்கு பிரிஞ்சிடும். எல்லாம் ரீப்பரில்தான் பிடிக்கணும்.


பிக்சல்பித்தன்:

எல்லாருக்கும் நன்றி. 600 அகலம், 23.8 இஞ்ச் ஐபிஎஸ், 2 மி.மீ. தகடு, ஸ்னாப்-இன் பட்டன், ஐ-பேக் 2, பக்கம் 18 மீதி 12. இப்படி முடிவு பண்ணிட்டேன். பொருள் வந்ததும் அட்டையில் வரைஞ்சுட்டுத்தான் மரம்.

அடுத்த சந்தேகம் ரெண்டு. பக்கப் பலகைக்கு வெளியே மைக்கா ஒட்டி, ஓரத்துக்கு டி-மோல்டிங் (நாக்கு வெச்ச பிளாஸ்டிக் ஓரப்பட்டை) அடிக்கணும்னு ஆசை. எந்த வரிசையில் செய்யணும்? அப்புறம் மின்சாரம், ஸ்பீக்கர். மானிட்டர் அடாப்டர், பை அடாப்டர், ஆம்ப் எல்லாத்தையும் உள்ளே ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகிட்டா போதுமா?


ரீப்பர்கட்டை:

வரிசை இது: பக்கப் பலகையை வடிவத்துக்கு வெட்டி முடிங்க, மைக்கா ஒட்டுங்க, மைக்காவின் ஓரத்தை டிரிம் பண்ணுங்க, அப்புறம் டி-மோல்டிங்கின் நாக்கு இறங்குற காடி, அப்புறம் ரீப்பர், கடைசியில் பெட்டி கட்டுறது. டி-மோல்டிங்கை எல்லாம் முடிஞ்சு, பெயின்டும் காய்ஞ்ச பிறகு தட்டி ஏத்தலாம். பெட்டி கட்டினப்புறம் காடி எடுக்கலாம்னு நினைச்சா ரூட்டரின் அடித்தட்டுக்கு உட்கார இடம் இருக்காது.

தடிமனைக் கூட்டிப் பாருங்க. டி-மோல்டிங் முக்கால் இஞ்ச், அதாவது 19 மி.மீ. 18 ப்ளைக்கு ரெண்டு பக்கமும் 1 மி.மீ. மைக்கா ஒட்டினா 20 ஆயிடும், மைக்காவின் ஓரம் வெளியே தெரியும், கை பட்டா பெயர்ந்துக்கும். அதனால் வெளிப்பக்கம் மட்டும் 0.8 மைக்கா, உள்பக்கம் சீலர் போட்டு ரெண்டு கோட் கறுப்பு பெயின்ட். உள்பக்கத்தை வெறும் மரமா விட்டுடாதீங்க. ஒரு பக்கம் மட்டும் மூடின பலகை ஈரத்தை மறுபக்கம் வழியா மட்டும் இழுக்கும், வளையும். 12 மி.மீ. பலகைகளில் இது இன்னும் மோசம். அதுக்கெல்லாம் மைக்காவே வேண்டாம், ரெண்டு பக்கமும் பெயின்ட் போதும்.

காடிக்கு 1.6 மி.மீ. ஸ்லாட் கட்டர், பேரிங் வெச்சது. முதல்ல வேஸ்ட் துண்டில் ஓட்டி, டி-மோல்டிங்கில் ஒரு விரல் நீளம் வெட்டி அடிச்சுப் பாருங்க. ரப்பர் சுத்தியலில் ரெண்டு தட்டில் இறங்கணும், கையால் இழுத்தா வரக் கூடாது. காடி மையத்தை ப்ளையின் தடிமனுக்கு எடுக்காம மைக்காவோடு சேர்ந்த மொத்தத் தடிமனுக்கு எடுக்கணும். ப்ளையின் நடு அடுக்கு இடைவெளி குறுக்கே வந்தா அந்த இடத்தில் மட்டும் மோல்டிங் லூசா நிக்கும். அங்கே காடியில் கொஞ்சம் ரப்பர் சொல்யூஷன் விட்டு ஒட்டிடுங்க.

வெளி மூலைகளைக் குறைஞ்சது 12 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிடுங்க. கூர் மூலையில் டி-மோல்டிங் மடங்காது. 300,145 புள்ளியும் 184,465 புள்ளியும் உள்மூலைகள். அங்கே மோல்டிங்கின் முதுகில் இருக்கிற நாக்கைக் குறுக்கே வெட்டி விட்டாத்தான் மடியும். முன்பக்கமும் மேல்பக்கமும் ஒரு பலகைக்கு 1.25 மீட்டர் வரும், பின்பக்கத்தையும் சேர்த்தா ரெண்டுக்கும் 3.8 மீட்டர். 5 மீட்டரா வாங்குங்க.

டி-மோல்டிங் கிடைக்கலைன்னா 22 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் பிவிசி எட்ஜ் பேண்ட் எந்த ப்ளைவுட் கடையிலும் கிடைக்கும். காடி வேலை கிடையாது. ரெண்டு பக்கமும் ரப்பர் பசை தடவி, கை வெச்சா ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு ஒட்டணும். உள்மூலையில் ரெண்டு துண்டா வெட்டிச் சேர்க்கிறதுதான் சுத்தம்.


ஆம்பியர்:

எக்ஸ்டென்ஷன் போர்டு உள்ளே இருக்கலாம், ஆனால் அதன் வயரை ஓட்டை வழியாக வெளியே இழுக்கக் கூடாது. பின்பலகையில் ஃபியூஸும் சுவிட்சும் சேர்ந்த ஐஇசி சாக்கெட் ஒன்று பொருத்துங்கள், கணினியின் பவர் கார்டு மாட்டுகிற அதே சாக்கெட். மானிட்டரும் பையும் ஆம்பும் சேர்ந்தே 60 வாட்டைத் தாண்டாது, 2 ஆம்பியர் ஃபியூஸ் போதும். சாக்கெட்டிலிருந்து போர்டுக்கு 1 சதுர மி.மீ. மூன்று கோர் வயர். இணைப்புகளின் மேல் இன்சுலேஷன் உறை கட்டாயம்.

நீங்கள் இரும்புத் தகடு போடுவதால் இது முக்கியம்: கண்ட்ரோல் பேனலை எர்த்தோடு இணைக்கவேண்டும். தகட்டின் அடியில் ஒரு இடத்தில் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி, எம்4 போல்ட், பல் வாஷர், ரிங் லக் போட்டு முடுக்கி, பச்சை வயரை சாக்கெட்டின் எர்த் காலுக்குக் கொண்டு போங்கள். மல்டிமீட்டரில் ப்ளக்கின் எர்த் காலுக்கும் தகட்டுக்கும் இடையே தொடர்ச்சி பார்த்துவிட்டுத்தான் முதல்முறை ஆன் செய்யவேண்டும். 230 வோல்ட் வயரும் பட்டன் வயரும் ஒரே கட்டாகப் போகக் கூடாது. மின்சாரம் ஒரு பக்கப் பலகையோரம், பட்டன் வயர் மறுபக்கம்.

மானிட்டர் வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை. ஆன் செய்து, படம் வந்ததும் சுவர் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போடுங்கள். தானாகப் படம் வந்தால் வாங்குங்கள். சில மானிட்டர்கள் ஸ்டேண்ட்பையிலேயே நின்றுவிடும். பெட்டிக்குள் மூடியபின் அதன் பட்டனை அழுத்த வழி இருக்காது. மானிட்டரின் முதுகில் மாட்டுவதற்கான வெசா ஓட்டைகள் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எம்4 ஸ்க்ரூவின் நீளத்தைக் கணக்கிடும்போது மானிட்டருக்குள் 8 முதல் 10 மி.மீ. மட்டும் போகட்டும். நீள ஸ்க்ரூ உள்ளே பேனலையே குத்தும்.

பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அதிகாரபூர்வ அடாப்டர். ஃபோன் சார்ஜர் மாட்டினால் வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கி மின்னல் குறி தோன்றும், ஆட்டம் மந்தமாகும். சில்லு 80 டிகிரியைத் தொட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது சீக்கிரம் வரும். அடிப்பலகையில் காற்று நுழைய ஓட்டைகள், பின்பலகையின் உச்சியில் 80 மி.மீ. ஃபேன் ஒன்று, பையின் மேல் ஹீட்சிங்க். அடியில் 15 மி.மீ. ரப்பர் கால் வையுங்கள், இல்லாவிட்டால் மேசை அந்த ஓட்டைகளை அடைத்துவிடும்.

ஒலிக்கு 4 ஓம் 3 வாட் ஸ்பீக்கர் இரண்டும் ஒரு பிஏஎம்8403 ஆம்பும் போதும். இந்த ஆம்பில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ் வயரை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, கிரவுண்டிலும் இணைக்கக் கூடாது. சேர்த்தால் சில்லு போய்விடும். நான்கு வயரும் தனித்தனி. பையின் 5 வோல்ட்டையே ஆம்புக்கும் கொடுத்தால் பின்னணியில் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். அப்படியும் இரைந்தால் ஒலி வயரில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டால் அடங்கும்.

சுவிட்சைப் படாரென்று அணைத்தால் எஸ்டி கார்டு கெடும். ஜிபிஐஓ 3-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு சிறு பட்டன், அதாவது பையின் 5, 6-ஆம் ஊசிகள். கட்டமைப்புக் கோப்பில் ஜிபிஐஓ ஷட்டவுன் ஓவர்லேயைச் சேர்த்தால் அந்தப் பட்டனே அணைக்கவும் மறுபடி எழுப்பவும் செய்யும்.


பிக்சல்பித்தன்:

அருமை. கடைசியா ரெண்டு. பேக்-மேன், டாங்கி காங் இதெல்லாம் இந்த ஸ்டிக்கில் சரியா வருமா? மூலைத் திசை குழப்பும்னு கேள்விப்பட்டேன். மேலே பெயர்ப்பலகைக்கு எல்இடி ஸ்ட்ரிப் வெச்சா புள்ளி புள்ளியாத் தெரியாம இருக்க என்ன செய்யணும்?


மைக்ரோசுவிட்ச்:

குழப்பும், உண்மைதான். 1980-இல் வந்த பேக்-மேனும் 1981-இல் வந்த டாங்கி காங்கும் நான்கு திசை ஸ்டிக்குக்காகச் செய்த ஆட்டங்கள். எட்டுத் திசை ஸ்டிக்கில் கை கொஞ்சம் மூலைக்குப் போனால் இரண்டு சுவிட்சும் ஒன்றாக விழும். பேக்-மேன் திருப்பத்தைத் தவறவிடும், டாங்கி காங்கில் ஏணியில் ஏறாமல் தடுமாறும். ஜேஎல்எஃப் அடியில் இருக்கும் சதுரத் தடுப்புத் தட்டைக் கழட்டி 45 டிகிரி திருப்பி மாட்டினால் அதுவே நான்கு திசை. அதற்காகத்தான் கண்ட்ரோல் பேனலை ஒட்டாமல், முன் ஓரத்தில் கீல் போட்டுத் திறக்கும்படி வைக்கவேண்டும். வயர்க் கட்டைக் கீல் பக்கமாகக் கொண்டுபோய், பேனல் முழுக்கத் திறக்கும் அளவுக்குத் தொய்வு விடுங்கள். நீங்கள் சொன்ன ஆட்டங்களில் நான்கு திசையும் எட்டுத் திசையும் கலந்து வருகின்றன. ஆகவே முதல் ஸ்டிக்கை நான்குக்கும் இரண்டாவதை எட்டுக்கும் வைத்துவிட்டு, சண்டை ஆட்டம் ஆடும் நாளில் முதலாவதைத் திருப்பிக்கொள்ளலாம்.

பேக்-மேன், கலகா, டாங்கி காங் மூன்றும் நின்ற திரை ஆட்டங்கள். உங்கள் படுத்த திரையில் உயரம் 296, அகலம் 222 மி.மீ. அளவில் நடுவில் வரும். அதற்காக மானிட்டரைச் சுழற்றும் அமைப்பெல்லாம் இந்த அளவுப் பெட்டியில் வேண்டாம். 527 நீளம் செங்குத்தாக நிற்க இந்த 340 உயரச் சன்னலில் இடமில்லை.

ஆட்டக் கோப்புகளை எடுக்கும்போது எமுலேட்டரின், அதாவது பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் மென்பொருளின், பதிப்பைப் பாருங்கள். மேம் 2003 என்ற கோர் 0.78 பதிப்புக் கோப்புகளைத்தான் ஏற்கும், மேம் 2010 கோர் 0.139 பதிப்பை. பொருந்தாத கோப்பு திறந்தவுடன் மூடிவிடும், வயரிங்கில் கோளாறு என்று தேடி நேரம் போகும். வயரிங்கைச் சோதிக்க, மேம் திட்டத்தின் தளத்தில் உரிமையாளர்கள் இலவசமாக அனுமதித்த ஆட்டங்கள் சில இருக்கின்றன, ராபி ரோட்டோ அதில் ஒன்று. மற்றவை பதிப்புரிமை உள்ளவை.

பெயர்ப்பலகைக்கு வெள்ளை 3 மி.மீ. பால் அக்ரிலிக், அதன் முன்னால் ஃப்ளெக்ஸ் அச்சகத்தில் அடித்த பேக்லிட் ஃபிலிம், அதன் முன்னால் தெளிவான 2 மி.மீ. அக்ரிலிக். ஸ்ட்ரிப்புக்கும் பால் அக்ரிலிக்குக்கும் இடையே குறைந்தது 60 மி.மீ. விடுங்கள், மீட்டருக்கு 120 எல்இடி உள்ள ஸ்ட்ரிப் எடுங்கள். இன்னும் நல்லது, ஸ்ட்ரிப்பை அக்ரிலிக்கைப் பார்த்து ஒட்டாமல் பின்னால் வெள்ளை பெயின்ட் அடித்த பலகையைப் பார்த்து ஒட்டுவது. எதிரொளி மட்டும் முன்னால் வரும், ஒரு புள்ளியும் தெரியாது. அந்த வெள்ளைப் பலகைக்கும் மானிட்டருக்கும் நடுவே இடுக்கில்லாமல் ஃபோம் டேப் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் விளக்கு வெளிச்சம் கசிந்து திரையின் மேல் ஓரத்தில் விழும்.